புதுப்பிப்பு: பெஞ்ச் பிரஸ்ஸில் கேட்ட அந்தச் சத்தம்

பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியைத் தூக்கும் பயிற்சி) கம்பியை நெஞ்சுக்கு இறக்கும்போது வலது அக்குள் பக்கம் 'பட்'டென்று சத்தம் வந்தது, சுளுக்குதானா என்று போன முறை கேட்டிருந்தேன். சுளுக்கு இல்லை. பெரிய மார்புத்தசையின் தசைநார் மேற்கை எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்துவிட்டது என்று எம்ஆர்ஐ காட்டியது.

மூன்றாம் நாளே கருநீலக் கன்றல் அக்குளிலிருந்து முழங்கை வரை இறங்கியிருந்தது. கண்ணாடி முன் நின்று இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தினேன். இடப்பக்கம் அக்குளின் முன்மடிப்பு தடித்து நின்றது. வலப்பக்கம் அந்த மடிப்பையே காணோம், தசை நடுநெஞ்சை நோக்கிச் சுருண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பாரத்தை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. கை உடலுக்குப் பின்னால் போகும் அந்தக் கடைசிக் கட்டத்தில் கீழ்ப்பகுதி நார்கள்தான் அதிகம் இழுபடுகின்றன. பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது.

ஓய்வு எடுத்தால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். பகுதிக் கிழிசல் என்றால் பல நேரம் சரிதான். என்னுடையது முழுக் கிழிசல். தள்ளிப்போட்டால் தசை சுருங்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டாம் வாரமே அறுவை சிகிச்சை. இப்போது கையைத் தாங்கிய தூளியைக் கழற்றியாச்சு, அப்புறம் பிசியோதெரபி. கனமான பெஞ்ச் பிரஸ் ஆறு மாதத்துக்குக் கிடையாது.

சத்தமும் கன்றலும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து அந்த வாரமே காட்டிவிடுங்கள்.