கன்னம் ஒட்டிப்போன பிறகு, குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போடலாமா? மலையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

குன்னூர், ஆசிரியை, வயது 53

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, 71 கிலோவிலிருந்து 58க்கு இறங்கினேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, முட்டி வலி போனது. ஆனால் எடை முதலில் இறங்கியது முகத்தில்தான். கன்னம் ஒட்டிவிட்டது. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு நிழல். மார்க்கெட்டில் கேரட் வாங்கப் போனால் கடைக்காரர், "என்னங்க டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்கிறார். போன மாதம் வகுப்பில் நல்ல சந்தோஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை, "மிஸ், ஏன் சோகமா இருக்கீங்க?" என்று கேட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இளமையாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படவில்லை. நரையை மறைத்ததும் இல்லை. மனசுக்குள் இருப்பது ஒன்று, முகம் சொல்வது வேறொன்று என்று ஆகிவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஸ்கின் டாக்டரம்மாவிடம் போனேன். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, தலைக்கு மேலிருந்து லைட் அடித்துக் காட்டினார். கன்னத்துத் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரே பரப்பாக இல்லை, தனித்தனிப் பொதிகளாக இருக்கிறதாம். வயது ஏறும்போதும் எடை குறையும்போதும் அவை ஒவ்வொன்றாகச் சுருங்கும். கண் குழியைச் சுற்றியுள்ள எலும்பும் மேல்தாடை எலும்பும்கூட உள்வாங்கும். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் தோல் இறங்கிவிடுகிறது. நான் அதுவரைக்கும் போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். போடாக்ஸ் சதையைத் தளர்த்தும், அவ்வளவுதான். குழிந்த இடத்தை நிரப்புவது ஃபில்லர்.

ஃபில்லரில் அதிகம் போடுவது ஹயலூரானிக் ஆசிட் ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான் அது. இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து 6 மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்காவிட்டாலோ சிக்கல் வந்தாலோ ஹயலூரானிடேஸ் என்கிற மருந்தை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். கால்சியம் கலந்த ஃபில்லர், பாலி லாக்டிக் ஆசிட் ஃபில்லர் இரண்டும் அப்படிக் கரையாது. "முதல் தடவை போடுறவங்களுக்குக் கரைக்க முடிஞ்சதைத்தான் போடுவேன்" என்றார்.

அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார். மேல்வரிசையில் எனக்குக் கடைவாய்ப் பல் இடது பக்கம் மூன்றும் வலது பக்கம் இரண்டும் இல்லை. எடுத்து எட்டு வருடமாகிறது. பல் போன இடத்தில் எலும்பு கரையும், கன்னமும் உள்ளே போகும் என்று விரலால் வெளியிலிருந்து அழுத்திக் காட்டினார். "முதல்ல பல்லைக் கட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு தேவைன்னு பார்க்கலாம்." ஊசி வியாபாரம் செய்கிற இடத்தில் இப்படிச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பல் வைத்தியத்துக்கும் ஃபில்லருக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டுமாம், கிருமி பரவும் என்பதால்.

இன்றைய நிலைமைக்கு 3 மில்லியாவது தேவைப்படும், 1 மில்லி 25,000 ரூபாய் என்றார். சீட்டுப் பணம் இருக்கிறது. ஆனால் மனசு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. மலையில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்டு மேலே ஏறிய பிறகு என்ன ஆனது?

அருவங்காடு, வயது 57

டீச்சர், நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். போட்டுக்கொண்டது என் மனைவி. மூக்கோரத்திலிருந்து வாய் வரை விழும் கோட்டுக்கு, இரண்டு பக்கமும் அரை அரை மில்லி. போட்டவர் நல்ல டாக்டர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானம் முடிந்தது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் சாப்பிட்டுவிட்டுக் காரில் கிளம்பினோம்.

மலைப்பாதையில் பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினேன். இருட்டிவிட்டது. அவள் டீயை வாயருகே கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தாள். "மேலுதடு ரொம்ப வலிக்குதுங்க" என்றாள். கடை பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். இடது மூக்கின் ஓரத்திலிருந்து மேலுதடு வரை ஒரு கை விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. அதைச் சுற்றி நீலமும் சிவப்புமாக வலை பின்னியது போல இருந்தது. மற்ற பக்கத்தை விரலால் அழுத்தி எடுத்தால் உடனே ரத்தம் ஓடிவந்தது. இந்தப் பக்கம் அழுத்தினால் அழுத்திய தடம் அப்படியே நின்றது.

போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டார். "மேலே போகாதீங்க, உடனே திருப்புங்க. துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு வெச்சுக்கிட்டே வாங்க" என்றார். ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருந்தது. போனவுடன் ஹயலூரானிடேஸ் போட்டார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடியும், அப்புறம் இன்னொரு தடவை. ராத்திரி பதினொன்றரைக்கு அந்த வெள்ளை மெல்ல ரோஸ் நிறமானது. எனக்கு அப்போதுதான் கை நடுக்கம் நின்றது. மூக்கோரத்தில் சின்னதாகப் பொருக்கு வந்து மூன்று வாரத்தில் ஆறியது. இப்போது தழும்பு இல்லை.

மரத்துப்போகும் மருந்து ஜெல்லிலேயே கலந்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமல் போகலாம் என்று பிறகுதான் புரிந்தது. நாங்கள் பர்லியாறில் நிறுத்தாமல் வீட்டுக்கு வந்து தூங்கியிருந்தால்? சீசன் நேரமாக இருந்திருந்தால் அது ஒருவழிப்பாதை. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. வந்த பாதையில் திருப்பவே முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் எந்தப் பாதையும் இல்லை.

அதனால் போட்டுக்கொள்கிற அன்றைக்கு மலை ஏறாதீர்கள். கீழே சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ பார்த்து இரண்டு ராத்திரி தங்குங்கள். டாக்டரின் சொந்த நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்கும் மருந்து அவர் கிளினிக் ஃப்ரிட்ஜில் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். அடைப்பு கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஆகிவிட்டால் பார்வையே போய்விடலாம். மூக்கும் புருவ நடுவும் அதற்கு மிக ஆபத்தான இடங்கள். அரிதுதான். ஆனால் அந்தச் சுண்ணாம்பு வெள்ளையை நான் கண்ணால் பார்த்தவன்.

கொடைக்கானல், வயது 46

அண்ணா எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு நடந்தது அவ்வளவு பெரிதில்லை, ஆனால் கண்ணுக்குக் கீழே போட நினைப்பவர்களுக்கு உதவும்.

மதுரையில் கண்ணுக்கடிப் பள்ளத்துக்குப் போட்டேன். முதல் மாதம் அருமையாக இருந்தது. பிறகு அந்த இடம் மெல்ல ஊதி, வெயிலில் நின்றால் நீலமாகத் தெரிந்தது. அங்கே தோல் ரொம்ப மெல்லிசு. ஜெல் மேலாக நின்றுவிட்டால் வெளிச்சம் சிதறி நீலம் அடிக்குமாம். ராத்திரி தூங்காதவள் மாதிரி ஆகிவிட்டேன், எதை மறைக்கப் போனேனோ அதே தோற்றம். ஒரு வருடம் காத்திருந்தும் குறையவில்லை. கடைசியில் வேறொரு டாக்டரிடம் போய்க் கரைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் போய்விட்டது.

கரைப்பதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரு கேள்வியை மறக்கவே முடியாது. "தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடிச்சிருக்கா?" ஏன் டாக்டர் என்றேன். தேனீ விஷத்திலும் இதே ஹயலூரானிடேஸ் வகை இருக்கிறதாம். கொட்டினால் அலர்ஜி வருகிறவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். கீழே இருப்பவர்களுக்கு அது வெறும் கேள்வி. சோலையோரம் வாழும் நமக்கு அப்படியில்லை.

ஊட்டி, வயது 39

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். பதினாறு வருடமாக இதே தொழில். அதனால் உரிமையோடு சொல்கிறேன், பார்லரில் ஃபில்லர் போடாதீர்கள். என்னிடமும் இரண்டு தடவை ஆள் வந்தார்கள். ஊசியே இல்லாத பேனா, காற்றழுத்தத்தில் ஜெல் உள்ளே போகும், ஒரு நாள் டிரெய்னிங், நல்ல லாபம் என்றார்கள். அந்தப் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021லேயே எச்சரித்திருக்கிறது. அடைப்பு வந்தால் என் கையில் என்ன மருந்து இருக்கிறது? எனக்கு அதைப் போட உரிமையும் கிடையாது.

டாக்டரிடம் போனாலும் சீல் பிரிக்காத பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே லாட் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டி வாங்குங்கள். பின்னால் யார் கரைக்க வந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இங்கே குளிர் என்பதால் யாரும் சன்ஸ்கிரீன் போடுவதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மேகமும் பனிமூட்டமும் அதை முழுசாகத் தடுக்காது. அந்தக் கதிர்தான் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்கிற புரதத்தைத் தின்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காக்களின் முகத்தைப் பாருங்கள், நாற்பதிலேயே அறுபது மாதிரி. அவர்களுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் யார் வாங்கித் தருகிறார்கள்?

வெலிங்டன், வயது 60

எனக்கு நன்றாகவே அமைந்தது. மார்பகப் புற்றுநோய் வைத்தியத்தில் முகம் எலும்பாகிவிட்டது. எல்லாம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, புற்றுநோய் டாக்டர் சரி என்ற பிறகு, கன்னத்துக்கு மட்டும் 2 மில்லி. ஒரு வாரம் லேசான வீக்கம், ஒரு இடத்தில் கன்றிப்போனது, அவ்வளவுதான். பேத்தி என்னைப் பார்த்து, "பாட்டி, நீ பழைய பாட்டி ஆயிட்டே" என்றாள். பதினான்கு மாதத்தில் கரைந்துவிட்டது. மறுபடி போடவில்லை, அந்த ஒரு தடவையே எனக்குப் போதுமாக இருந்தது.

குன்னூர், ஆசிரியை

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அருவங்காடு அண்ணா, உங்கள் மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். பல் டாக்டர் நேற்றுதான் அளவு எடுத்தார். மெழுகு மாதிரியை வாயில் வைத்துப் பார்த்தபோதே இடது கன்னம் கொஞ்சம் வெளியே வந்தது. என் கணவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார். மிச்சத்துக்கு ஜனவரி வரை பொறுக்கலாம் என்றிருக்கிறேன். மழை நின்றிருக்கும், தங்கை வீடு கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் இருக்கிறது, இரண்டு ராத்திரி தங்குவது கஷ்டமில்லை.

ஆனால் கொடைக்கானல் தங்கை எழுதிய அந்தத் தேனீ விஷயம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்கூல் சில்வர் ஓக் மரத்தில் தேனடை கலைந்து என்னை மூன்று கொட்டியது. உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் சரியானது. டாக்டரம்மாவிடம் இதை நான் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குக் கரைக்கும் மருந்தே ஒத்துக்கொள்ளாது என்றால் போடவே வேண்டாம் என்று ஆகிவிடும். காலையில் பத்து மணிக்கு கிளினிக் திறக்கும், முதல் போன் அதற்குத்தான்.