மொரிசியஸுக்குக் குடிவந்திருக்கிறீர்களா? இரண்டு வருஷம் கழித்து இங்கே உங்களுக்கும் ஓட்டு உண்டு

புதிதாக வந்தவர்கள் வீடு, பள்ளிக்கூடம், இட்லி அரிசி பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆட்சி எப்படி நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "நமக்கெதுக்கு அரசியல், வந்தோமா சம்பாதிச்சோமா" என்று இருந்துவிடுவது நம் பழக்கம். துபாயில் அது சரி. இங்கே அப்படி இருந்தால் கையில் இருக்கும் உரிமையைத் தெரியாமலே விட்டுவிடுவீர்கள்.

மொரிசியஸ் அரசியல் சட்டத்தின் 42ஆவது பிரிவைப் பாருங்கள். 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் யாராக இருந்தாலும், இங்கே தொடர்ந்து 2 ஆண்டு வசித்திருந்தால் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள்தான். சொந்த ஊர் பாஸ்போர்ட்டோடு இருந்துகொண்டே இந்த நாட்டு ஆட்சியைத் தீர்மானிக்கும் ஓட்டைப் போடலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெயர் பட்டியலில் ஏறுவதில் உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மனக்குறை உண்டு; அதனால் டீக்கடையில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுப் போடும் முறையும் நம் ஊர் மாதிரி இல்லை. முக்கியத் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 உறுப்பினர்கள். ரொத்ரீக் தீவுக்கு 2 பேர். ஆக 62 பேர் நேரடியாகத் தேர்வாகிறார்கள். நீங்கள் சீட்டில் 3 பேருக்குக் குறி போட வேண்டும். பிடித்த ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தால் அந்தச் சீட்டு செல்லாது. கட்சிகள் கூட்டணியாக மூன்று மூன்று பேரை நிறுத்துவதால், அலை அடித்தால் மூவரும் சேர்ந்தே ஜெயிப்பார்கள். 2024 நவம்பர் 10 தேர்தலில் எதிர்க்கட்சியாக இருந்த நவீன் ராம்கூலம் கூட்டணி முக்கியத் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. 1982இலும் 1995இலும்கூட இதே 60-0 தான். அந்த 2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்ட ஒலிப்பதிவுகள் வெளியானதும் சமூக வலைத்தளங்களை முடக்க உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே வாபஸ்.

அப்படியானால் எதிர்க்கட்சி? அதற்குத்தான் 'பெஸ்ட் லூசர்' ஏற்பாடு. தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கிய 8 பேர் வரை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். 2024இல் எதிர்க்கட்சித் தலைவரான லெஸ்ஜோங்கார் இந்த வழியாக வந்தவர்தான். ஆனால் இதன் உண்மையான நோக்கம் எதிர்க்கட்சியைக் காப்பாற்றுவது இல்லை, சமூகங்களுக்கு இடையே சமநிலை. அரசியல் சட்டம் மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன வம்சாவளி, இந்த மூன்றிலும் சேராத 'பொது மக்கள்'. எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவு என்று பார்க்க எடுத்துக்கொள்ளும் கணக்கு 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகளில் சமூகம் பற்றிய கேள்வியே இல்லை. அரை நூற்றாண்டு பழைய எண்ணை வைத்து இன்றைக்கு இடம் ஒதுக்குகிறார்கள்! வேட்பாளர் தன் சமூகத்தை அறிவித்தே ஆக வேண்டும் என்பதை எதிர்த்து வழக்கு போய், 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு மொரிசியஸுக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். எனக்கு இந்த முறை பிடிக்காது. ஆனால் இதை எடுத்துவிட்டால் சிறுபான்மையினருக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கும் உள்ளூர் முஸ்லிம் நண்பரிடம் வாதாட என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதில் தமிழர் எங்கே? சட்டக் கணக்கில் இந்துப் பிரிவுக்குள். பேச்சு வழக்கில் 'இந்து' என்றால் வட இந்திய வம்சாவளியினரையே சொல்வார்கள். தமிழர் தனிச் சமூகம். கோயில், தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை, பள்ளியில் தமிழ் என்று எல்லாமே தனி. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998இல் இந்தியை முன்னால் போட்டு நோட்டு அடித்தார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் வழக்கறிஞர் ரங்கநாதன் சீனிவாசன். 1992 மார்ச் 12இல் நாடு குடியரசானபோது முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்காடு. இந்தப் பெருமைகளைக் கேட்டுவிட்டு உள்ளூர்த் தமிழரிடம் போய்த் தமிழில் பேச ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலோருக்கு வீட்டு மொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். அதற்காக "நீயெல்லாம் என்ன தமிழன்" என்று கேட்டுவைத்தால் அத்தோடு உறவு முறிந்தது.

பிரதமர் பதவி வேறு கதை. 1968 சுதந்திரம் முதல் ராம்கூலம், ஜகநாத் என்ற இரண்டு குடும்பங்களுக்குள்தான் சுற்றி வருகிறது. இடையில் 2003 முதல் 2005 வரை பால் பெராஞ்சே மட்டும் விதிவிலக்கு.

கீழே வந்த கேள்விகளுக்கு:

*அண்ணா, ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா?*

பெரிதாக இல்லை தம்பி. அவரைச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. மசோதாவை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 2002இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மனமில்லாமல் அப்போதைய ஜனாதிபதி காசம் உத்தீம் ராஜினாமா செய்தார். பொறுப்புக்கு வந்த துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியாரும் மறுத்து விலகினார். கடைசியில் தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார்.

*வீட்டு ஒப்பந்தத்தில் தகராறு வந்தால்?*

ஒப்பந்தம், சொத்து போன்றவை பிரெஞ்சு வழி வந்த சிவில் சட்டப்படி நடக்கும். கோர்ட் நடைமுறை ஆங்கிலேய பாணி. இறுதி மேல்முறையீடு இன்றைக்கும் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குத்தான். வாடகை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருந்தால் தெரிந்தவரை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

*அப்போ தேர்தலில் நிற்கவும் முடியுமா?*

சிரிக்காதீர்கள், 33ஆவது பிரிவில் வேட்பாளரும் 'காமன்வெல்த் குடிமகன்' என்றுதான் இருக்கிறது. மொத்தம் 2 ஆண்டு வசித்திருக்க வேண்டும், அதில் வேட்புமனுவுக்கு முந்தைய 6 மாதம் இங்கேயே இருந்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும். ஆனால் அடுத்த பிரிவு, தானே முன்வந்து காமன்வெல்த்துக்கு வெளியே உள்ள நாட்டுக்கு விசுவாசம் ஏற்றவரைத் தகுதியிழக்க வைக்கிறது. வக்கீலைப் பார்க்காமல் போஸ்டர் அடித்துவிடாதீர்கள்.