அரங்கேற்றப் படங்களில் கறுப்புப் பட்டைகள்: கமராவில் குறையா? விற்றுவிடலாமா?

வெள்ளவத்தை_ஒளி எழுதியது:

வணக்கம். கொழும்பில் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றங்களையும் கச்சேரிகளையும் படமெடுப்பது என் தொழில். பதினொரு மாதங்களுக்கு முன்னர் பழைய கமராவையும் இரண்டு லென்ஸ்களையும் விற்று, போதாததற்குக் கடனும் வாங்கி, 45 மெகாபிக்சல் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமரா ஒன்றை வாங்கினேன். இப்போது அதை வைத்திருப்பதா விற்பதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

போன சனிக்கிழமை ஓர் அரங்கேற்றம். பதம் என்னும் மெதுவான அபிநய உருப்படியை ஆடும்போது ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று ஆசிரியை முன்னரே சொல்லியிருந்தார். அது நியாயமான வேண்டுகோள். பாட்டு மெல்லிய குரலில் போகும் இடத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம் விழுந்தால் எனக்கே நெஞ்சு பதறும். ஆகவே அன்று முழுவதும் சத்தமில்லா ஷட்டரிலேயே எடுத்தேன். ஷட்டர் வேகம் 1/320 வினாடி, லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், படத்துக்குக் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டைகள். ஒரு படத்தில் ஆறு, இன்னொன்றில் ஏழு. பதத்துக்காக விளக்கைக் குறைத்து நீல வெளிச்சம் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் பட்டை வேறு விதம்: பன்பாய் இழைபோல மெல்லிய கோடுகள், நெருக்கமாக, முகத்தின் மேலேயே.

கமராவில் நல்லது இல்லை என்று சொல்லமாட்டேன். மை தீட்டிய கண்ணை அது பிடித்தால் விடுவதேயில்லை. அன்று ஆடிய பிள்ளை சுழன்று திரும்பி வந்தாலும் கண்ணில்தான் குவியம் நிற்கிறது. சலங்கை மணிகளைப் படத்தில் எண்ணலாம். இதே கமராவில் கோயிலில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவற்றிலோ, காலி முகத்திடலில் மாலையில் பட்டம் விடுவோரை எடுத்தவற்றிலோ ஒரு பட்டைகூட இல்லை. ஆனால் பற்றரி மூன்று கொண்டுபோக வேண்டியிருக்கிறது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் உடனே பனி படிகிறது. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டையைப் பொறுக்க முடியாது.

அந்தப் பிள்ளையின் தாயாருக்கு நான் இன்னும் படங்களைக் கொடுக்கவில்லை. சென்சர் பழுதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

தங்கச்சி, முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், படம் பதியும் நினைவக அட்டையையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் விற்றுவிட்டுக் கண்ணாடி உள்ள கமராவுக்கே திரும்புங்கள். நான் இன்னும் 2017 இல் வந்த நிக்கொன் டி850 தான் வைத்திருக்கிறேன். அதற்கும் 45 மெகாபிக்சல்தான். ஒரு பற்றரியில் 1840 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அரங்கேற்றம் முழுவதையும் ஒன்றிலேயே முடித்துவிடுவேன். பார்வைக் குழலில் நான் பார்ப்பது மேடையைத்தான், மேடையைக் காட்டும் சின்னத் திரையை அல்ல.

மேடைவெளிச்சம் எழுதியது:

அண்ணா, அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தங்கை, விற்க அவசரப்பட வேண்டாம். மண்டபங்களில் விளக்குப் போடுவது என் வேலை, அதனால் இந்தப் பட்டைகளை நன்றாகத் தெரியும்.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வெயிலிலும் எண்ணெய் விளக்கிலும் பட்டை இல்லை என்கிறீர்கள். சென்சர் பழுதென்றால் அங்கேயும் வந்திருக்கும். எனவே இது மின்விளக்கின் துடிப்பு.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதால் விளக்கு ஒரு வினாடியில் 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. பழைய ஹலோஜன் விளக்கில் இழை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் வெளிச்சம் பெரிதாக இறங்காது. எல்.ஈ.டி.க்கு அந்தச் சூடு கிடையாது. உள்ளே இருக்கும் மின்சுற்று மலிவானதாக இருந்தால் வெளிச்சம் அப்படியே ஏறி இறங்கும்.

இனிக் கமராவின் பக்கம். சத்தமில்லா ஷட்டரில் சென்சர் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகிறது. அது கீழே போய்ச் சேர்வதற்குள் விளக்கு எத்தனை தடவை மங்கியதோ அத்தனை பட்டை. உங்களுக்கு ஆறு அல்லது ஏழு. ஒரு மங்கலுக்கு 10 மில்லி வினாடி. ஆகவே உங்கள் சென்சர் வாசித்து முடிக்க 65 மில்லி வினாடி, அதாவது வினாடியில் 15 இல் ஒரு பங்கு அளவு எடுக்கிறது. படத்தில் பட்டையை எண்ணியே கமராவின் வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்!

பரிகாரம்: சத்தமில்லா ஷட்டரில் 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/100 இல் ஒவ்வொரு வரியும் ஒரு முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும். எல்லா வரிக்கும் சம வெளிச்சம். அகலப் பட்டை போய்விடும்.

அந்தப் பன்பாய்க் கோடு வேறு விஷயம். விளக்கைக் குறைக்கும்போது பல எல்.ஈ.டி.கள் உண்மையில் மங்குவதில்லை. மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வேகத்துக்கும் 50 ஹேர்ட்ஸுக்கும் உறவில்லை. மண்டபத்தாரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பெற்று, வெள்ளைத் திரையைச் சத்தமில்லா ஷட்டரில் 1/1000, 1/320, 1/100 என்று எடுத்துப் பாருங்கள். முதலில் விளக்கு முழு அளவில், பிறகு 40 சதவீதத்தில்.

தெஹிவளை_வில்லை எழுதியது:

மேடைவெளிச்சம் அண்ணா சொன்னது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைத்தான் விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஷட்டர் வேகம் வேறு, சென்சர் வாசிக்கும் வேகம் வேறு. 1/1000 என்றாலும் 1/8000 என்றாலும் உங்கள் சென்சர் மேலிருந்து கீழே வர அதே 65 மில்லி வினாடிதான். அதற்குள் ஆடுபவரின் கை நகர்ந்தால் கை சாய்ந்து பதியும். உங்கள் படங்களில் ஜதிப் பகுதியை, அதாவது தாளத்துக்கு வேகமாக ஆடும் இடத்தை, பெரிதாக்கிப் பாருங்கள். அலபத்ம முத்திரை பிடித்த விரல்கள் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். நடனம் தெரிந்தவருக்கு அது பிழையான முத்திரை. அந்தப் பிள்ளை சரியாகப் பிடித்த முத்திரையைக் கமரா பிழையாக்கிக் கொடுப்பது எனக்குப் பட்டையைவிடப் பெரிய குறை.

வேகமாக வாசிக்கும் கமராக்கள் உண்டு. 2021 இல் வந்த நிக்கொன் இசட் 9 இல் 'சடக்' என்று திரை நகரும் இயந்திர ஷட்டரே கிடையாது. அவ்வளவு விரைவாக வாசிப்பதால்தான் அந்தத் துணிவு. 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் பதிகிறது, சாய்வு என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250, தெளிவு 24 மெகாபிக்சல் சொச்சம். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் கடன் வாங்கியவர் இன்னொரு கடன் வாங்கி எடுக்க வேண்டிய பொருள்கள் அல்ல.

அதோடு பனி படிவதை அலட்சியம் செய்யாதீர்கள். கொழும்பு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். வெளியே வருமுன் பையை மூடி, உள்ளே இருப்பது மெல்லச் சூடேறும்வரை திறக்காமல் வையுங்கள். வீட்டில் ஈரப்பதன் 40 முதல் 50 சதவீதம்வரை நிற்கும் பெட்டியில் வையுங்கள்.

வெள்ளவத்தை_ஒளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் காலையில் மண்டபத்தைத் திறந்து தந்தார்கள்.

விளக்கு முழு அளவில்: 1/1000 இல் ஏழு பட்டை, கரிபோல. 1/320 இல் அதே எண்ணிக்கை, சற்று மென்மையாக. 1/100 இல் ஒன்றுமே இல்லை. திரை வெள்ளையாக நின்றதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. பதினொரு மாதக் கடனும் வீண் என்று நினைத்திருந்தேன்.

40 சதவீதத்தில்: பன்பாய்க் கோடு. 1/100 இல் மங்கியது, ஆனால் முழுதாக மறையவில்லை.

விரல்களையும் பார்த்தேன். தெஹிவளை அண்ணா சொன்னபடியேதான். ஜதியில் பதினேழு படங்களில் கை சாய்ந்திருக்கிறது. இதைப் படமெடுத்த நானே கவனிக்கவில்லை.

மேடைவெளிச்சம் எழுதியது:

நல்லது. 1/100 இல் அந்த வேகத் துடிப்புகள் முழு எண்ணிக்கையில் அடங்காமல் ஒரு துண்டு மிஞ்சுகிறது, அதுதான் அந்த மங்கிய கோடு. ஷட்டரைத் தசமப் புள்ளியில் நுணுக்கமாக மாற்றும் வசதி சில கமராக்களில் உண்டு; உங்களுடையதில் இருந்தால் கோடு மறையும் புள்ளியைத் தேடிப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் விளக்காளரிடம் கதையுங்கள். முகத்துக்கு வரும் விளக்கைக் குறைக்காமல் முழு அளவில் விட்டு, அதற்கு முன்னால் அடர்ந்த வண்ணத் தாள் போட்டால் வெளிச்சம் குறையும், அந்த வேகத் துடிப்பு வராது. அல்லது இரண்டு விளக்கில் ஒன்றை அணைக்கலாம். மரியாதையாகக் கேட்டால் எந்த விளக்காளரும் மறுக்கமாட்டார். எங்களிடம் யாரும் கேட்பதேயில்லை.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

விற்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், தங்கச்சி. ஆனால் 1/100 என்று எல்லாரும் எளிதாகச் சொல்கிறீர்கள். தில்லானா போன்ற வேகமான உருப்படியில் 1/100 இல் காலும் கையும் புகையாகிவிடும். அதுவும் 45 மெகாபிக்சலில் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். 12 மெகாபிக்சல் காலத்தில் கண்ணுக்குப் படாத மங்கல் இப்போது படுகிறது. தில்லானாவுக்கு இயந்திர ஷட்டரைப் போடுங்கள். மிருதங்கமும் நட்டுவாங்கமும் சலங்கையும் சேர்ந்து ஒலிக்கும்போது உங்கள் 'சடக்' யாருக்குக் கேட்கப்போகிறது? இயந்திரத் திரை படத்தைக் கடக்க ஏறக்குறைய 4 மில்லி வினாடிதான், அதனால் விரல் சாயாது. ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். அதற்குத் துடிப்பு தவிர்க்கும் அமைப்பு உண்டு. கெனன் அதை 2014 இல் 7டி மார்க் 2 இல் கொண்டுவந்தது, இப்போது பல கமராக்களில் இருக்கிறது. விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம்வரை காத்திருந்து ஷட்டரை விடும். பெரும்பாலும் இயந்திர ஷட்டரில்தான் வேலை செய்யும், கமராவின் அமைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

வெள்ளவத்தை_ஒளி எழுதியது:

இருக்கிறது அண்ணா! நான் வாங்கிய நாளிலிருந்து அணைந்தே கிடந்திருக்கிறது. தசம ஷட்டர் வசதி மட்டும் என்னுடையதில் இல்லை.

நேற்று மாலை ஓர் ஒத்திகைக்குப் போனேன். அலாரிப்புக்கும் ஜதீஸ்வரத்துக்கும் இயந்திர ஷட்டர், 1/400, துடிப்பு தவிர்ப்பு இயங்க. வர்ணத்தில் மாற்றி மாற்றி: ஜதிக்கு இயந்திரம், அபிநயத்துக்குச் சத்தமில்லா ஷட்டர் 1/100. பதம் முழுவதும் சத்தமில்லாமல். பதத்தில் உடல் அதிகம் நகராது, கண்ணும் புருவமும்தான் பேசும். 1/100 போதுமாக இருந்தது. விளக்காளர் முகவிளக்கை முழு அளவில் விட்டு நீலத் தாள் போட்டுத் தந்தார். பட்டை இல்லை, விரலும் நேராக நிற்கிறது. இரண்டு ஷட்டருக்கும் இடையே மாற ஒரு பொத்தானை ஒதுக்கிவிட்டேன்.

கமராவை விற்கமாட்டேன். கோப்பின் பருமன்தான் இனிக் கவலை. இழப்பில்லாச் சுருக்கத்திலும் ஒரு படம் 50 மெகாபைட்டுக்கு அருகில். 1800 படம் எடுத்தால் 90 கிகாபைட். அதற்கு ஒரு வழி தேடிக்கொள்வேன்.

ஆனால் போன சனிக்கிழமைப் படங்கள்? அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அரங்கேற்றம் நடக்காதே. ஏதாவது மீட்க முடியுமா?

தெஹிவளை_வில்லை எழுதியது:

அகலப் பட்டைகளைக் கையால் மீட்கலாம், பொறுமை வேண்டும். பட்டை விழுந்த இடத்தில் தகவல் அழிந்துபோகவில்லை, வெளிச்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கமரா பதிந்த மூலக் கோப்பைப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு பட்டைக்கும் அந்த இடத்தை மட்டும் மாற்றவிடும், விளிம்பு மென்மையான முகமூடி (மாஸ்க்) போட்டு அந்த அளவுக்கு வெளிச்சத்தை உயர்த்துங்கள். பட்டைகள் சம இடைவெளியில் இருப்பதால் ஒன்றைச் சரிசெய்து மற்றவற்றுக்கு நகலெடுக்கலாம். பன்பாய்க் கோடுள்ளவற்றில் நிறமும் மாறியிருக்கும். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பெரும்பகுதி அடங்கும். எல்லாவற்றையும் தொடாதீர்கள். தாயார் சட்டமிட்டு மாட்டக்கூடியவற்றை மட்டும் தெரிந்தெடுங்கள்.

வெள்ளவத்தை_ஒளி எழுதியது:

நான்கு இரவுகள் எடுத்தன. 23 படங்களை நிறத்திலும் 9 படங்களைக் கறுப்பு வெள்ளையிலும் சரிசெய்தேன். இன்று காலை தாயாரின் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் படங்களை மெல்லப் புரட்டிப் பார்த்தார். பதத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நின்று, மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அதைத்தான் பெரிதாக அச்சிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.