ஜெர்சிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: ஓட்டு, டெபுட்டி, ஸ்க்ரூட்டினி பேனல்

கேள்வி: வொர்க் பெர்மிட்ல ஜெர்சி (இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்கிற தீவு) வந்திருக்கோம். இங்கே நமக்கு எம்.பி. யாரு? ஓட்டு கிடைக்குமா? ஸ்க்ரூட்டினி பேனல்ங்கிற கமிட்டிக்கு எழுதினா வேலை நடக்குமா?

பதில்: லண்டன் பார்லிமென்ட்ல ஜெர்சிக்கு எம்.பி. கிடையாது. அதனால அங்கே எழுதிக் காத்திருக்காதீங்க. இங்கே சட்டம் போடுறது தலைநகர் செயின்ட் ஹீலியர்ல இருக்கிற ஸ்டேட்ஸ் அசெம்பிளி. மொத்தம் 49 பேர். 2022-ல 37 டெபுட்டி, 12 கான்ஸ்டபிள்; 2026 தேர்தல்ல இருந்து 9 செனட்டர், 28 டெபுட்டி, 12 கான்ஸ்டபிள். செனட்டருக்குத் தீவு முழுக்க ஓட்டுப் போடும், டெபுட்டிக்கு அந்தந்தத் தொகுதி. கான்ஸ்டபிள் உங்க பாரிஷோட (தீவோட 12 உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்ல ஒண்ணு) தலைவர், போலீஸ்காரர் இல்லை.

ஓட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை, இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும். 16 வயசு முடிஞ்சு, தொடர்ந்து 2 வருஷம் இங்கே குடியிருந்திருக்கணும். முன்னாடி இருந்துட்டுப் போய்த் திரும்பி வந்தவங்களுக்கு இப்போ 6 மாசம், பழைய காலமெல்லாம் கூட்டி 5 வருஷம்னு தனிக் கணக்கு. தேர்தல்ல நிக்கணும்னா மட்டும் பிரிட்டிஷ் குடியுரிமை வேணும். வாக்காளர் பட்டியல்ல உங்க பேரு இப்போ இருக்கிற முகவரியில இருக்கான்னு பாருங்க. ஃபிளாட் மாறி வேற பாரிஷுக்குப் போனவங்க பேரு பழைய முகவரியிலேயே கிடக்கலாம். டிரைவிங் லைசென்ஸுக்குப் பாரிஷ் ஹாலுக்கு (பாரிஷ் அலுவலகம்) போகும்போதே இதையும் கேட்டு முடிச்சிடுங்க.

இப்போ கமிட்டி, அதாவது மந்திரிங்களோட வேலையையும் சட்டங்களையும் ஆராயுற அசெம்பிளி உறுப்பினர்களோட ஸ்க்ரூட்டினி பேனல். பெர்மிட் இழுத்தடிக்குது, வாடகைத் தகராறுங்கிற மாதிரி உங்க சொந்தக் கேஸை ஸ்க்ரூட்டினி பேனல் எடுத்துக்காது. அதுக்கு உங்க தொகுதி டெபுட்டிதான். தொகுதிக்கு ஒண்ணுக்கு மேல டெபுட்டி உண்டு. அதுல ஒருத்தர் அதே துறைக்கு மந்திரியா இருந்தா, மந்திரியா இல்லாத இன்னொருத்தருக்கு எழுதுங்க. 49 பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டா, மத்தவங்க பார்த்துப்பாங்கன்னு ஆளாளுக்கு விட்டுடுவாங்க. பெர்மிட் நம்பர், தேதி, துறை அனுப்பின பதில், உங்களுக்கு என்ன வேணும்: நாலும் ஒரே பக்கத்துல இருக்கட்டும்.

விதியே எல்லாரையும் பாதிக்குதுன்னா பேனலுக்குப் போகலாம். 2022-க்கு அப்புறம் அமைஞ்ச பேனல்கள்ல வொர்க் பெர்மிட் விஷயம் குழந்தைகள், கல்வி, உள்துறை பேனல்ல வரும்; வீட்டுவசதி சுற்றுச்சூழல் பேனலோட சேர்ந்தது. மந்திரிங்க இதுல உறுப்பினரா இருக்க முடியாது, ஆனா அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேள்வி கேக்குற அதிகாரம் பேனலுக்கு உண்டு. சட்ட முன்வரைவைத் தாக்கல் செஞ்சு விவாதத்துக்கு வர பொதுவா குறைஞ்சது 6 வாரம் ஆகும். உங்க கருத்து அந்த இடைவெளியில போகணும். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் வர்ற கடிதத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு பதில்: மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. பேனலுக்கு அனுப்புறதை வழக்கமா உங்க பேரோட வெளியிடுவாங்க. முதலாளி படிச்சா சிக்கல்னா, பேரை மறைச்சு வெளியிடுங்கன்னு மெயிலோட முதல் வரியிலேயே கேட்டுடுங்க. வெளியான பிறகு எடுக்கச் சொல்றது பெரும்பாடு.