ஸ்கேனில் தெரிந்தது கொழுப்பு, டாக்டர் கேட்டது தூக்கத்தை

குகைத் தறிக்காரன்

வயது 41. சேலம் குகையில் விசைத்தறி ஓட்டுகிறேன். குடிப்பழக்கம் கிடையாது. எடை 63 கிலோ, தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. அதனால் ஸ்கேன் எடுத்தவர் "கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2" (மூன்று படியில் நடுப்படி) என்றபோது, வேறு யாருடைய சீட்டையோ படிக்கிறார் என்று நினைத்தேன். திரையை என் பக்கம் திருப்பினார். கல்லீரலும் கிட்னியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டுமாம். எனக்குக் கிட்னி கறுத்திருக்க, பக்கத்தில் கல்லீரல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தது.

எண்ணெய், கறி என்று திட்டு வாங்கத் தயாராகத்தான் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?"

பதினோரு வருடமாக ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். நைட் என்றால் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. தறிச் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் வாயசைத்துத்தான் பேச முடியும். இடையில் ஐந்தாறு கிளாஸ் சர்க்கரை டீ, இரண்டு மணிக்குப் பரோட்டா. பகலில் ஓட்டு வீட்டு வெக்கையில் நான்கு மணி நேரம் புரண்டுகொண்டிருப்பேன். டாக்டர் என்னைப் பத்து நிமிடம் படுக்கவைத்துவிட்டு நாடி பார்த்தார். 92. "வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் உடம்பு தறியை நிறுத்தவில்லை" என்றார்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கல்லீரல் வரைந்து, அதற்கு இரண்டு கோடு இழுத்தார். ஒன்று முதுகுத்தண்டிலிருந்து வரும் பரிவு நரம்பு. அவசரம் என்றால் அது கல்லீரலிடம் "சர்க்கரையை வெளியே விடு" என்கிறது. தொப்பையில் இருக்கும் கொழுப்பையும் கரைத்து ரத்தத்தில் விடச் சொல்கிறது. ஓடினால் அது எரிந்துபோகும். நின்ற இடத்தில் நின்று பாவு பார்ப்பவனுக்கு எரியாது; ரத்தத்தோடு போய்க் கல்லீரலில் இறங்கிவிடும். இன்னொரு கோடு மூளையிலிருந்து நேராக இறங்கும் வேகஸ் நரம்பு. உண்டு ஓய்ந்திருக்கும்போது வேலை செய்வது. எனக்கு முதல் கோடு இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறதாம்.

இப்படி யாருக்காவது சொல்லியிருக்கிறார்களா?

அழகாபுரம் வாத்தியார்

உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். உங்கள் டாக்டர் வரைந்தது சரிதான், அது புதிதும் அல்ல. 1849-இல் பிரான்ஸ் நாட்டு கிளாட் பெர்னார்ட் ஒரு முயலின் மூளையின் அடிப்பகுதியில் ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் நரம்பை முதலாளி என்று எண்ணிவிடாதீர்கள், மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று அறுவையில் பொருத்தும் கல்லீரலின் நரம்புகளை யாரும் இணைத்துத் தைப்பதில்லை. அது பாட்டுக்கு வேலை செய்கிறது. மேஸ்திரி இல்லாவிட்டால் சில வேலைகள் மட்டும் விட்டுப்போகும். 2022-இல் வியன்னாவில் செய்த ஆய்வு ஒன்று: லெப்டின் என்ற ஹார்மோனை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தபோது, கல்லீரல் தன் கொழுப்பைக் கூடுதலாக ரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்பியது. கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களிடம் அது நடக்கவில்லை. உத்தரவு வேகஸ் வழியாகப் போகிறது என்று அதிலிருந்து கண்டார்கள்.

கொழுப்பு ஊட்டி வளர்த்த எலிகளில் கல்லீரலின் பரிவு நரம்பை முடக்கியபோது, படிந்த கொழுப்பு குறைந்தது. சரி, அந்த நரம்புதான் வில்லன் என்று எழுதி முடிக்கப் போனால், 2021-இல் ஸ்வீடன் நாட்டவர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். நோய் முற்ற முற்ற அதே நரம்பு இழைகள் கல்லீரலுக்குள் சிதைந்து போகின்றன, எலியிலும் மனிதரிலும். முதலில் அதிகம் கத்தி, பிறகு தொண்டை கட்டிப்போகும் மேஸ்திரி என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் ஊகம்தான்.

ஏற்காட்டு அக்கா

தம்பி, என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். அவர் குறட்டைக்கு லைன் வீட்டு நாயே எழுந்து குரைக்கும். போன வருடம் மலை இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் கண் அசந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் தப்பினோம். சேலத்தில் ஒரு இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, அந்தப் பரிவு நரம்பு அடித்துப் பிடித்து எழுகிறதாம். வாத்தியார் ஐயா சொன்ன மேஸ்திரி இரவு முழுவதும் விசில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்! ஸ்கேனில் அவருக்கும் கிரேடு 2.

மூச்சு மெஷின் வைத்து எட்டு மாதம் ஆகிறது. கொழுப்பு குறைந்ததா என்று கேட்டால், மெஷினால் மட்டும் குறையவில்லை. பகல் தூக்கம் போனது, அதனால் நடக்கிறார். இப்போதுதான் எடை இறங்க ஆரம்பித்திருக்கிறது.

காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்று படித்ததிலிருந்து எங்கள் மலைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 1820-இல் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை கொண்டுவந்த செடிக்கு இப்போது மருந்துப் பெருமை வேறு. காலையில் சர்க்கரை இல்லாமல் இரண்டு டம்ளர், சரி. சாயங்கால டம்ளரை நான் நிறுத்திவிட்டேன், அது தூக்கத்தைத் தின்கிறது.

கொலுசுப் பட்டறை

இந்த வேகஸ் பேச்சை நம்பி நான் ஏமாந்த கதை. காதில் மாட்டினால் வேகஸ் தூண்டப்பட்டுக் கல்லீரல் சுத்தமாகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, 4,500 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கும்போது காதில் கிர்ரென்று இழுக்கும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு 84 கிலோவிலிருந்து 77-க்கு இறக்கினேன், கிரேடு 1 ஆனது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் வீக்கமே தணியும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். நரம்பு, மனஅழுத்தம் என்று சொல்லிக்கொண்டு தட்டுவடை செட்டை மறைக்க வேண்டாம் அண்ணா.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. இவ்வளவு நரம்பு இருந்தும் எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லையே?

அழகாபுரம் வாத்தியார்

வலியைச் சொல்லும் நரம்புகள் கல்லீரலின் மேலுறையில்தான் இருக்கின்றன, உள்ளே சதையில் இல்லை. கல்லீரல் பெருத்து உறை இழுபட்டால்தான் வலப்பக்கம் கனக்கும். உத்தரவு கொடுக்க நரம்பு உண்டு, புகார் சொல்ல நரம்பு இல்லை.

குகைத் தறிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கொலுசுப் பட்டறைத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் ஆறு மாதமாகப் பகல் ஷிஃப்ட் மட்டும் போகிறேன், சம்பளம் குறைவு. பரோட்டா இல்லை, டீ இரண்டுதான். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்திலிருந்து மூன்று வளைவு வரை ஏறி இறங்குகிறேன். எடை 59, நாடி 76, ஸ்கேன் கிரேடு 1. தூக்கமா, பரோட்டாவா, எடையா, எது வேலை செய்தது என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நேற்று முதலாளி கூப்பிட்டார். தீபாவளி ஆர்டர், ஒரு மாதம் நைட் வந்தால் இரட்டைக் கூலி என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் கேட்கவில்லை.