லைவ் ராக்கில் ஒட்டி வந்த சிப்பி

உப்புநீர்த் தொட்டிக்குப் பாறை வாங்கினால், நாம் கேட்காத உயிர்களும் அதன் பொந்துகளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. வியாசர்பாடியில் தமது தொட்டியைக் கலைத்த நண்பர் ஒருவர் எனக்குத் தந்த லைவ் ராக்கில் (உயிரினங்கள் குடியேறிய கடற்பாறை) அப்படி ஒரு சிப்பி வந்தது.

ஊதாப் பாசி படர்ந்து ஓடே மறைந்திருந்ததால், பகலில் அது பாறையின் புடைப்பாகவே தெரிந்தது. இரவு விளக்குகளை அணைத்து வெகுநேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை அடித்தபோது, புடைப்பின் நடுவே நூலளவு பிளவு திறந்திருந்தது. அதன் ஓரத்தில் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த சதை மடிப்பும், நீரை உள்ளிழுக்க ஒன்றும் வெளியே விட ஒன்றுமாக இரு துளைகளும் தெரிந்தன. கை நிழல் பட்டதும் சட்டென மூடிக்கொண்டது. மஸ்ஸல் (mussel) வகைச் சிப்பியாக இருந்தால் நாரால் பற்றிக்கொண்டிருக்கும். இதன் ஒரு ஓடோ பாறையோடு பாறையாக இறுகியிருந்தது. மேல் ஓட்டின் செதில்களையும் சேர்த்துப் பார்க்கையில் இது சாமா இனம் என்றே கருதுகிறேன்.

இத்தகைய சிப்பியைப் பெயர்த்தெடுக்க முயலவே கூடாது. ஓடு உடைந்தால் அது செத்துவிடும். சிறிய தொட்டியில் செத்த சிப்பி ஒன்றே அம்மோனியாவை ஏற்றிவிடப் போதும். நீரை வடிகட்டி உண்ணும் உயிர் என்பதால், மிகவும் சுத்தமாக வைத்திருக்கும் தொட்டியில்தான் அது பட்டினி கிடக்கிறது. ஆகவே நுண்பாசியைச் சிறிது சிறிதாக ஊற்றி, அந்த நேரத்தில் ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நிறுத்திவைக்கிறேன். நீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் மீனைத்தான் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அந்நோய்க்குத் தரும் செம்பு கலந்த மருந்து சிப்பியைக் கொன்றுவிடும்.

நம் பகுதியில் பெரிய சோதனை கத்திரி வெயில்தான். மின்விசிறி வைத்தால் சூடு தணியும். ஆனால் நீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும். ஆவியாகிக் குறைந்த நீரை ஆர்.ஓ. நீரால் மட்டுமே ஈடுகட்டுகிறேன்.

வருகிற எல்லாவற்றையும் வளர்த்துவிட முடியாது. சளி வலை வீசும் குழாய் நத்தை பவளத்தை உறுத்தும் என்பதால், அதன் குழாய் வாயைப் பசையால் அடைத்துவிடலாம். சிப்பியின் விளிம்பில் இரவில் வந்து உறிஞ்சும், அரிசியளவே உள்ள வெள்ளை நத்தைகளைப் பிரஷ்ஷால் துடைத்தெடுக்க வேண்டும். கூம்பு வடிவ நத்தை எதுவானாலும் வெறுங்கையால் தொடக் கூடாது. சில கூம்பு நத்தைகளின் நஞ்சு மனிதரையும் கொல்லக்கூடியது.

இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: வேண்டாத பாறையையும் தொட்டி நீரையும் ஓட்டேரி நல்லா ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டாதீர்கள். தென் அமெரிக்கக் கரையோரத்திலிருந்து வந்த காக்கா ஆழி என்னும் மஸ்ஸல் வகைச் சிப்பி எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றுப்பரப்பை மூடி, மஞ்சள் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்திருப்பதை அங்குள்ள மீனவர்கள் அன்றாடம் அனுபவிக்கிறார்கள். பாறையை மொட்டை மாடியில் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, சில மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகே வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.