மறு: ‘டிரஸ்’ – முக்கட்டா, பின்னல் தூலமா?

கூரையைத் தாங்க, இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாகக் கோத்துச் செய்வது டிரஸ் (truss). கூரை போடும் உங்கள் வழிகாட்டி வரைவில் அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் என்ன பெயர் வைக்கலாம் என்பதற்கு என் பதில் இது.

> ‘முக்கட்டு’ என்று வைத்துவிடலாமா? முக்கோணங்களால் கட்டியது என்ற பொருள் கிடைக்கிறது.

பொருள் சரிதான். ஆனால் வீடு கட்டும் பேச்சில் ‘கட்டு’ என்றால் இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடுதான் நினைவுக்கு வரும். ‘பட்டறைக்கு நாலு முக்கட்டு’ என்று கேட்டால் பன்னிரண்டு கட்டு அரண்மனைக்குக் கடைக்கால் தோண்டிவிடுவார்கள்.

‘சட்டகம்’ ஏற்கெனவே ஃபிரேமுக்குப் போய்விட்டது. சட்டகம் மூலைகளின் விறைப்பால் நிற்கிறது. டிரஸ் முக்கோணத்தால் நிற்கிறது. மூலைக்கு ஒரே போல்ட் போட்டாலும் முக்கோணம் கோணாது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கக் கூடாது.

என் வாக்கு ‘பின்னல் தூலம்’. இரு பக்கச் சுவருக்கு நடுவே பாரம் தாங்கிக் கிடப்பது தூலம். அதையே ஆங்கிளாலும் (L வடிவ இரும்பு) பைப்பாலும் பின்னினால் டிரஸ். பாலத்துக்கும் பொருந்தும்.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், தச்சர்களிடமே இருக்கின்றன. சாய்ந்து முகட்டுக்கு ஏறுவது கைமரம். இரும்பில் வெறும் ‘கை’ போதும். நடுவில் நிற்பது குத்துக்கால். தூணுக்குத் தூண் இடைவெளி அங்கணம். உறுப்புகள் கூடும் இடத்துக்கு ‘மூட்டு’ வேண்டாம், ‘கணு’ என்போம். வரைவின் முக்கியமான வரியே அதை வைத்துத்தான்: பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கி, டிரஸ்ஸுக்கு டிரஸ் ஓடும் சட்டம்) கணுவின் மேல்தான் உட்கார வேண்டும். அகலம் 20 அடி, முகட்டு உயரம் 4 அடி என்றால் கையின் நீளம் 10 அடி 9 அங்குலம். மூன்றாகப் பிரித்தால் கணுவுக்குக் கணு 3 அடி 7 அங்குலம். பர்லின் அதை விட்டு நகர்ந்தால் கை நடுவில் தொய்யும்.

---

> அடியில் கிடப்பதற்கு ‘இழுசட்டம்’ என்று எழுதியிருக்கிறேன்.

இதை ஏற்க முடியவில்லை. ஓட்டுக் கூரை என்றால் சரி, பாரம் கீழே அழுத்தும், அடிச்சட்டம் இழுபடும். தகரக் கூரையில் கதை வேறு. சென்னைக்கு இந்தியத் தர நிர்ணய ஏடு தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் 0.6 × 50 × 50, அதாவது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. தகடு, பர்லின், டிரஸ் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 20 கிலோ தேறாது. ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கூரையை மேலே தள்ளும். அப்போது விசை தலைகீழாகி அடிச்சட்டம் அமுக்கப்படும். ‘இழுசட்டம்’ என்று படித்தவர் அது பக்கவாட்டில் நெளியும் என்று யோசிக்கவே மாட்டார்.

50×50×6 மி.மீ. ஆங்கிளின் குறைந்தபட்சச் சுழற்சி ஆரம் (நெளியாமல் நிற்கும் திறனைக் காட்டும் அளவு) 9.6 மி.மீ. காற்றால் விசை மாறக்கூடிய கூரை இழுவை உறுப்புக்கு மெலிவு விகித (நீளத்தை அந்த ஆரத்தால் வகுத்தது) வரம்பு 350. பெருக்கினால் 3360 மி.மீ., சுமார் 11 அடி. 20 அடியை நடுவில் எதுவும் பிடிக்காமல் விட்டால் வரம்பு மீறுகிறது. எல்லா அடிச்சட்டங்களையும் நடுவில் கோத்து ஒரு நெடுக்குத் தளை ஓட்டினால் 10 அடியாகிவிடும். மெலிவு வரம்புக்கு இது போதும். அமுக்க வலுவைத் தனியே கணக்கிட வேண்டும்.

ஆகவே விசையை வைத்துப் பெயரிடாமல் இடத்தை வைத்து ‘அடிச்சட்டம்’ என்றே விடுங்கள்.

---

ஈழத்தில் அடிச்சட்டத்துக்குத் ‘தீராந்தி’ என்று ஒரு சொல் உண்டு. போர்த்துக்கேய ‘திராந்தெ’ வழி வந்தது. அங்கும் வேர்ப்பொருள் இழுப்பதுதான்! மரக்கூரைக்கு அதை அடைப்பில் தரலாம். தலைப்புக்கு அடிச்சட்டம் போதும்.

---

‘பின்னல் தூலம்’, ‘கணு’, ‘அடிச்சட்டம்’ மூன்றையும் வரைவில் ஏற்றிவிட்டேன். ‘டிரஸ்’ முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். வெல்டிங் பட்டறையில் ஆர்டர் கொடுக்க அந்தச் சொல்தான் உதவும்.

இன்னொன்று, சொல் அல்ல, செய்முறை. ‘ஏற்றி போல்ட் இறுக்கியதும் கயிற்றை அவிழ்க்கவும்’ என்று 6ஆம் படியில் இருக்கிறது. முதல் பின்னல் தூலம் தன் முக்கோணங்கள் கிடக்கும் தளத்தில்தான் விறைப்பு. பக்கவாட்டில் காகித அட்டை மாதிரி வளையும். இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தரையில் முளையடித்து நிறுத்த வேண்டும். இரண்டாவதை ஏற்றி, முகட்டுப் பர்லினும் இறவாணப் (கூரையின் கீழ் ஓரம்) பர்லினும் பூட்டி, அதே அங்கணத்தில் குறுக்குத் தளையும் (மூலைவிட்டமாக மாட்டும் கம்பி) போட்ட பிறகே முதல் கயிற்றில் கை வைக்கலாம். தூக்கும்போதும் கயிற்றை அடிச்சட்டத்தில் மாட்டக் கூடாது, மேல் கணுக்கள் இரண்டில் மாட்ட வேண்டும். 6ஆம் படியை இப்படி மாற்றி எழுதிய பிறகு சுற்றுக்கு விடுங்கள்.